துவக்குக் கொல்லரின் சிறுவேலை

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



கைத்தொழில் ஒன்றைப் பற்றிப் பேசும்படி காரியதரிசியார் கேட்டபோது, நெசவையோ மட்பாண்டத்தையோ நான் தெரிந்துகொள்வேன் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். நான் தெரிந்துகொண்டதோ துவக்கு. அதிலும் முழுத் துவக்கைப் பற்றிப் பேச வரவில்லை. அதன் பக்கத்திலே, உள்ளங்கைக்குள் அடங்கத்தக்க பூட்டையும், அப்பூட்டினுள்ளே இருக்கின்ற வில், நாக்கு, திருகாணி முதலிய சிற்றுறுப்புக்களையும், அவற்றைக் கையாலே செய்த மனிதரையும் பற்றியே சொல்லப் போகின்றேன். முன்வரிசையிலே இரண்டொரு பெரியோர் புருவத்தை நெரிப்பது தெரிகின்றது. கொலைக் கருவியின் புகழ் பாட நான் எழுந்து நிற்கவில்லை. கையிலே உள்ள அறிவு எப்படிப் பிறக்கின்றது, எப்படி அழிகின்றது, அழிந்தபின் எப்படி மீட்கப்படுகின்றது என்பதற்கு இதைப்போன்ற தெளிவான உதாரணம் வேறொன்றும் எனக்கு அகப்படவில்லை.

குழலின் வாய்வழியே மருந்தை இட்டு, குண்டையும் இட்டு, கோலினால் இடித்து இறுக்கிச் சுடும் துவக்கை நம்மவர் வன்னியிலும் மட்டக்களப்புப் பக்கத்திலும் இடியன் துவக்கு என்பர். பொருத்தமான பெயர். அத்தகைய துவக்குக்களுள் வேலைத்திறத்துக்குப் பேர்போனது அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலே, லங்காஸ்ரர் என்னும் ஊரைச் சூழ்ந்த பகுதியில், பதினெட்டாம் நூற்றாண்டில் உருவான நெடுந்துவக்கு. ஜேர்மனியிலிருந்தும் சுவிற்சலாந்திலிருந்தும் குடியேறிய கொல்லர், தம் நாட்டு வேட்டைக்காரரின் குட்டைத் துவக்கை நீட்டி, 40 அங்குலத்துக்கு மேற்பட்ட குழலுடையதாக்கினர். குழலின் உட்சுவரிலே புரிபுரியாகச் சால் வெட்டப்பட்டிருக்கும். எண்ணெய் தோய்ந்த துணித்துண்டிலே சுற்றிய ஈயக்குண்டு அச்சால்களைப் பற்றிச் சுழன்று செல்வதால் குறி தவறாது. கென்ரக்கித் துவக்கு என்று பிற்காலத்தில் பெயர் பரந்ததாயினும் பிறந்த இடம் பென்சில்வேனியாவே.

குழலைப் பற்றி இவ்வளவு போதும். பூட்டுக்கு வருவோம்.

துவக்குப் பூட்டு என்றால் கதவுப் பூட்டு நினைவுக்கு வரும். ஆனால் இங்கே பூட்டென்பது தீயை உண்டாக்கும் பொறி. பெயர்கள் சிலவற்றை நானே இட்டுக்கொள்கிறேன், பெரியோர் பொறுத்தருள்க. வெளிப்புறத்திலே குதிரை நிற்கும். அதன் வாயிலே ஒரு சக்கிமுக்கிக் கல். அதற்கு எதிரே ஒரு கிண்ணி. கிண்ணிக்குள் ஒரு சிட்டிகை மருந்து. கிண்ணியை மூடிக்கொண்டு நிமிர்ந்து நிற்பது உருக்கு மூடி. விசையைத் தொட்டதும் குதிரை பாய்ந்து, கல்லின் விளிம்பினால் மூடியின் முகத்தைச் சுரண்டும். சுரண்டிய வேகத்திலே மூடி பின்னே சாய, கிண்ணி திறபடும். பொறி மருந்திலே விழும். கிண்ணித் தீ, குழலின் பக்கத்திலுள்ள சிறு துளைவழியே உள்ளே சென்று பெருமருந்தைப் பற்றவைக்கும். இத்தனையும் கண்மூடித் திறக்குமுன் நடந்தாக வேண்டும். கிண்ணி மருந்து மட்டும் எரிந்து குழல் வெடியாது போவதுமுண்டு. பயனின்றிப் போன ஆரவாரத்தை ஆங்கிலேயர் இதைக்கொண்டே இன்றும் குறிப்பிடுவர். எல்லாம் அடங்க என்று சொல்வதற்கும் அவர்கள் பூட்டையும் கட்டையையும் குழலையும் சேர்த்துச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் இத்தொடர்களை மனனம் செய்த நாளிலே, இவை ஒரு கொல்லன் பட்டறையிலிருந்து வந்தவை என்று எங்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

தகட்டின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் வேறோர் உலகம். குதிரையின் அச்சோடு கூடியே திரும்புகின்ற ஓர் உள்வட்டு. அதன் விளிம்பிலே இரண்டு வெட்டுக்கள். முதல் வெட்டு ஆழமானது. அதிலே நாக்கு விழுந்தால் விசையை எவ்வளவு இழுத்தாலும் குதிரை அசையாது. இதுவே காவல் நிலை. இரண்டாம் வெட்டு ஆழமில்லாதது. நாக்கின் நுனி அதிலே மயிரிழையளவு தங்கி நிற்கும், தொட்டால் வழுகும். இவ்விரண்டு வெட்டுக்களின் கோணத்திலே ஒருவனுடைய உயிர் இருந்தது என்றால் மிகையாகாது. ஆழ வெட்டு தேய்ந்துபோனால் தோளிலே தொங்கிய துவக்கு தானே வெடிக்கும். ஆழமற்ற வெட்டுக் கரடுமுரடாயிருந்தால் விசையை இழுக்கும்போது கை நடுங்கும், குறி தப்பும். இரண்டையும் அரத்தினாலே கண்ணளவில் வெட்டிச் சீர்ப்படுத்தினர்.

உள்வட்டின் அச்சுக்கு ஒரு முனையிலே தகடு தாங்கலாயிருக்கிறது. மறுமுனையிலே ஒரு சிறு பாலத்தைத் திருகாணிகளால் பூட்டித் தாங்கல் கொடுப்பது நல்ல கொல்லரின் வழக்கம். மலிவான பூட்டுக்களிலே இப்பாலம் இராது. கடைக்காரன் வெளிப்புறத்தை மினுக்கி விற்றுவிடுவான். வாங்கியவன் சில காலம் கழித்துத்தான் வட்டு ஆடுவதைக் காண்பான். பண்டத்தை வாங்கும்போது உட்புறத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் எக்காலத்திலும் அருமையாகவே இருந்திருக்கிறது!

இனிப் பெருவில். இதைச் சொல்லவே நான் இவ்வளவும் சொன்னேன்.

பூட்டிலுள்ள உறுப்புக்களுள் கொல்லனை அதிகம் சோதிப்பது இந்த வில்லுத்தான். நல்ல உருக்கிலே ஒரு கீற்றை எடுத்து, உலையிலே சிவக்கவைத்து, ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் வரத்தக்கதாக அடித்து நீட்டுவான். மெலிவு படிப்படியாக வரவேண்டும். ஓரிடத்திலே மட்டும் மெலிந்தால் வளைவு முழுவதும் அங்கேயே கூடி, அங்கேயே முறியும். பின்பு அரத்தால் அராவ வேண்டும். அராவுவது நீளவாக்கிலே. குறுக்குவாக்கில் அராவினால் ஒவ்வொரு கீறலும் ஒரு வெடிப்புக்குத் தொடக்கமாகும். கீறல் ஒன்றும் தோன்றாதபடி மினுக்கிய பின்னரே சிவக்கவைத்து இரண்டாக மடிப்பான். மடிக்கும் இடத்திலே கூர்மையான மூலை விழுந்துவிடக் கூடாது.

இப்போது வடிவம் வந்துவிட்டது, ஆனால் வில் பிறக்கவில்லை. அழுத்தினால் அழுத்தியபடியே கிடக்கும். அதை மீண்டும் சிவக்கக் காய்ச்சி எண்ணெயிலே அமிழ்த்த வேண்டும். எவ்வளவு சிவப்பு? இக்காலத்திலே சிலர் காந்தத்தைக் காட்டிப் பார்க்கிறார்கள். இரும்பு சுமார் 770 பாகை சென்ரிகிறேட்டிலே காந்தத்துக்கு இழுபடும் குணத்தை இழந்துவிடும், அதற்குச் சற்று மேலே போனால் போதும் என்பது கணக்கு. பழைய கொல்லனுக்குக் காந்தமும் இல்லை, வெப்பமானியும் இல்லை. பட்டறையை இருட்டாக வைத்துக்கொண்டு, சிவப்பின் சாயலைக் கண்ணாலே அளந்தான். எண்ணெயிலிருந்து எடுத்ததும் வில் கண்ணாடி போலாகியிருக்கும். அரம் அதிலே பிடிக்காது வழுகும். கீழே விழுந்தால் இரண்டு துண்டு. ஆகவே அதை மீண்டும் மெதுவாகச் சூடாக்கி, அந்தக் கடினத்திலே ஒரு பகுதியைத் தளர்த்த வேண்டும். இதைத்தான் தோய்ச்சல் பதம் என்பது. மினுக்கிய உருக்கைச் சூடாக்கும்போது அதன் மேனியிலே நிறங்கள் ஓடிவரும்: முதலில் வைக்கோல் நிறம், பிறகு மண்ணிறம், ஊதா, கடைசியிலே நீலம். கத்திக்கு வைக்கோல் நிறத்தோடு நிறுத்துவார்கள். வில்லுக்கு நீலம் வரவேண்டும். அது ஏறக்குறைய 300 பாகை. சிலர் வில்லின்மேல் எண்ணெயையோ கொழுப்பையோ பூசி, அது தீப்பற்றி எரிந்து தீரும்வரை காட்டி எடுப்பார்கள். ஈயத்தை உருக்கி அதிலே வில்லை அமிழ்த்துவோருமுண்டு. ஈயம் உருகுவது 327 பாகையிலாதலால் அந்த ஈயக் கலயமே அவர்களுக்கு வெப்பமானி.

நான் இரசாயனப் பாடத்திலே இந்த எண்களைப் படித்தேன். எண்கள் சரிதான். ஆனால் எண்ணைத் தெரிந்த என்னாலே வில் செய்ய முடியாது. எண்ணைத் தெரியாத அந்தக் கொல்லனாலே முடிந்தது. இதைப் படிப்பை இகழ்வதற்காகச் சொல்லவில்லை. இரண்டு அறிவுகளும் ஒரே உண்மையை இரண்டு வழியால் சென்று தொட்டிருக்கின்றன என்பதே என்னை வியக்கவைத்தது.

உருக்கு மூடியின் கதை இதற்கு நேர்மாறு. அதன் முகம் தளரக் கூடாது, கடினமாகவே இருக்கவேண்டும். சக்கிமுக்கிக் கல்லிலிருந்து பொறி வருவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையிலே கல் சுரண்டியெடுக்கும் உருக்குத் துகள்களே காற்றிலே எரிந்து பொறியாகின்றன. முகம் மென்மையாயிருந்தால் கல் அதை உழுதுவிடும், பொறி வராது. மூடி முழுவதையும் உருக்காற் செய்வது செலவு; ஆகவே இரும்பிலே மூடியைச் செய்து, முகத்திலே மட்டும் ஓர் உருக்குத் தகட்டைப் பற்றவைப்பர். தேய்ந்தால் புதுத் தகடு. சாதாரண இரும்பாலான மற்ற உறுப்புக்களை, எலும்புக் கரியும் தோற்கரியும் நிறைந்த பெட்டியிலே வைத்து மூடி, பல மணிநேரம் சிவக்கவைத்து நீரிலே கொட்டுவார்கள். கரியின் சாரம் மேற்றோலிலே ஊறி, வெளியே உருக்கும் உள்ளே இரும்புமாக நிற்கும்.

வில்லும் மூடியும் தனித்தனியே நல்லனவாயிருந்தாலும் போதாது. பெருவில் மிக வலிதானால் கல் நொறுங்கும். மூடியின்கீழ் உள்ள சிறுவில் மிக வலிதானால் மூடி திறக்க மறுக்கும். ஒன்றுக்கொன்று இணங்கும்வரை கொல்லன் கழற்றி அராவி, பூட்டிப் பார்த்து, மறுபடியும் கழற்றுவான்.

திருகாணிகள் வேறு உண்டு. 1841ஆம் ஆண்டிலே விற்வேத் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் புரிகளுக்கு ஒரு பொது அளவை முன்வைக்கும்வரை, ஒவ்வொரு பட்டறையும் தன் புரித்தகட்டிலே உள்ள அளவுக்கே திருகாணி வெட்டியது. அண்டைப் பட்டறையிலே செய்த திருகாணி பொருந்தாது. பூட்டை மரக்கட்டையிலே பதிப்பதற்கு விளக்குப் புகையின் மையைப் பூசி அழுத்துவார்கள். மரத்திலே கறுப்புப் பட்ட இடம் மேடு, அதைச் சீவ வேண்டும். விளக்கும் புகையும் நமக்குப் பழக்கமானவை. கண்மை கூட்டிய பாட்டிமாரிடம் இவ்வித்தையைச் சொன்னால் உடனே விளங்கிக்கொள்வர். பித்தளைப் பிடிகளையும் அடித்தகட்டையும் மணலச்சிலே வார்த்தார்கள். அது துவக்குக்கு மட்டும் உரிய வித்தையல்ல என்பதால் விடுகிறேன்.

இங்கே ஒரு பொய்யான படத்தைக் கிழித்துவிட வேண்டும். காட்டோரத்துக் கொல்லன் தன்னந்தனியே எல்லாவற்றையும் தானே செய்தான் என்று அமெரிக்கர் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. பென்சில்வேனியக் கொல்லர் பலர் பூட்டுக்களை இங்கிலாந்திலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் வந்த சரக்கிலே விலைக்கு வாங்கினர். வாங்கியதிலே வெட்கமில்லை. ஆனால் காட்டு வழியிலே வில் முறிந்தால் கப்பல் வரும்வரை யார் காத்திருப்பது? அப்போது அதைச் செய்யத் தெரிந்த கை வேண்டும். பென்சில்வேனியாவிலே, நாசரேத் என்னும் ஊருக்கு அருகே, கிறிஸ்ரியன்ஸ் ஸ்பிறிங் என்னுமிடத்திலே மொறேவிய சபையார் ஒரு துவக்குப் பட்டறை நடத்தினர். அன்றேயஸ் அல்பிரெக்ற் என்பவர் அங்கே ஆசிரியர். அவர் பட்டறையிலே பழகியவருள் கிறிஸ்ரியன் ஏற்ரர் என்பவர் 1770களிலே பெயரும் ஆண்டும் பொறித்துச் செய்த துவக்குக்களிற் சில இன்றும் உள்ளன. சமாதானத்தைப் போதித்த சபை துவக்குச் செய்தது எவ்வாறு என்று நீங்கள் கேட்கலாம். மிஷன் பள்ளிக்கூடத்திலே படித்த எனக்கும் அக்கேள்வி எழுந்தது. வேட்டையாடி உண்ட நாட்டிலே துவக்கு உணவுக்கும் கருவி என்பது ஒரு விடை. முழு விடையாகுமா என்பது வேறு.

அதனிலும் என்னை நெடுநேரம் சிந்திக்கவைத்தது அந்நாட்டுப் பூர்வகுடி மக்களின் செய்தி. அவர்களுக்குத் துவக்குக் கிடைத்தது. தோலைக் கொடுத்து வாங்கினார்கள். குறி வைப்பதிலே வந்தேறிகளுக்கு அவர்கள் சளைத்தவரல்லர். ஆனால் வில் முறிந்தால்? மூடி தேய்ந்தால்? ஆகவேதான் ஆங்கிலேயரோடும் பிரெஞ்சுக்காரரோடும் பேச்சுவார்த்தைக்கு இருந்தபோதெல்லாம், எங்கள் ஊருக்கு ஒரு துவக்குக் கொல்லனை அனுப்புக என்று அவர்கள் கேட்டனர். அனுப்பியவர்கள் அன்பினால் மட்டும் அனுப்பவில்லை. கொல்லன் இருக்கும் ஊர் நட்பாயிருக்கும். பகை வந்தால் கொல்லனைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். ஓர் இனம் முழுவதையும் கட்டிப்போட விரலளவு வில் போதுமாயிருந்தது. பொருளை வாங்கிவிட்டோம், ஆகவே பொருள் நமது என்று எண்ணும் எவரும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். என் அறையிலே உள்ள மின்விசிறி நின்றால் நான் யாரை எதிர்பார்க்கிறேன் என்று நினைக்கும்போது எனக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பின்பு யந்திரம் வந்தது. 1785ஆம் ஆண்டிலே பாரிஸிலிருந்த ஜெபர்சன் ஒரு பட்டறைக்குப் போனார். அங்கே துவக்குப் பூட்டின் உறுப்புக்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. கைக்கு வந்ததை எடுத்துத் தாமே பூட்டிப் பார்க்க, எல்லாம் பொருந்தின. வியந்து தம் நாட்டுக்குக் கடிதம் எழுதினார். 1820களிலே ஹாப்பர்ஸ் பெரி ஆயுதசாலையிலே ஜோன் ஹோல் என்பவர் இதை யந்திரங்களால் நடைமுறையாக்கினார். இதற்கிடையே 1807இலே, அலெக்சாந்தர் போர்சைத் என்னும் ஸ்கொத்லாந்துக் குருவானவர், அடித்தாலே வெடிக்கும் இரசாயன மருந்தைத் துவக்குக்குப் பயன்படுத்தும் உரிமையைப் பதிவு செய்தார். ஈரமான கிண்ணி மருந்தாலும் அதன் புகையாலும் தமது வாத்து வேட்டை கெடுகின்றதென்பதே அவர் குறை! அதன் வழியிலே சிறு செப்புத் தொப்பி வந்தபின் சக்கிமுக்கிக் கல்லுக்கும் உருக்கு மூடிக்கும் வேலை போயிற்று. யந்திரத்தை நான் பழிக்கவில்லை. போர்க்களத்திலே முறிந்த உறுப்பை மாற்றிக்கொள்ள முடிந்த சிப்பாயைக் கேட்டால் யந்திரத்தை வாழ்த்தவே செய்வான். ஆயினும் இரண்டு மூன்று தலைமுறைக்குள், வில்லின் நீலத்தைக் கண்ணால் அறிந்தவர்கள் மிகச் சிலராகிவிட்டனர்.

1933இலே அந்நாட்டில் வாய்வழித் துவக்குச் சங்கம் ஒன்று தோன்றிற்று. 1960களிலே வேர்ஜினியாவின் வில்லியம்ஸ்பேக் நகரில், வலஸ் கஸ்லர் என்னும் இளைஞர், பழைய துவக்குக்களை ஆராய்ந்து, பழைய கருவிகளாலேயே குழல், பூட்டு, திருகாணி உட்பட முழுத் துவக்கையும் செய்து காட்டினார். அவர் செய்வதை அடியோடு முடிவரை காட்டும் படமொன்று 1969இலே வந்தது. 1966இலே ஜோர்ஜியா மலைநாட்டிலே, உயர்பள்ளி மாணவர் சிலர் தங்கள் ஊர் முதியோரிடம் சென்று அவர்களுடைய கைத்தொழில்களைக் கேட்டெழுதி ஒரு சஞ்சிகை நடத்தத் தொடங்கினர். பொக்ஸ்பயர் என்பது அதன் பெயர். 1979இலே வந்த அவர்களுடைய ஐந்தாம் தொகுதியிலே துவக்குக் கொல்லரின் வேலை விரிவாக இடம்பெற்றது. கவனியுங்கள்: எழுதியவர்கள் பேராசிரியர்களல்லர், நம் சங்கத்து இளைஞரிலும் வயது குறைந்தவர்கள். இன்று வார்ப்பிலே செய்த உறுப்புக்களை விலைக்கு வாங்கி, அராவிப் பூட்டிக்கொள்ளலாம். அது கையால் செய்ததாகுமா என்று அத்தொழிலார்வலர் ஓயாது வாதாடுகின்றனர். என் அபிப்பிராயம், வாங்கட்டும். ஆனால் ஒரு வில்லையாவது தாமே முறித்துப் பார்த்திருக்கட்டும்.

நம் தீவுக்கும் இதிலே பங்குண்டு. போர்த்துக்கேயர் துவக்கோடு இங்கே வந்தது 1505க்குப் பின். அந்நூற்றாண்டு முடிவதற்குள் சிங்களக் கொல்லர் அதை வாங்குவோராக நில்லாது, தாமே செய்வோராயினர்; அவர்களுடைய துவக்குக்களின் அழகைப் போர்த்துக்கேய ஆசிரியரே புகழ்ந்து எழுதியிருக்கின்றனர். கண்டித் துவக்கின் பூட்டு இடப்புறத்திலே இருக்கும். மற்ற நாட்டுத் துவக்குக்களிலே அது வலப்புறம். அயலவர் வேலையைப் பார்த்து அப்படியே பிரதி செய்தவர்கள் இடம் மாற்றி வைக்கமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. உருக்குக்கும் அவர்கள் வெளியே போக வேண்டியிருக்கவில்லை. நம்மவரான ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இங்கே கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்தபோது, அருகிக்கொண்டிருந்த உருக்குத் தொழிலைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்தார். கைவினைஞரின் பல தொழில்களோடு அதையும் 1908இலே வெளியிட்ட பெருநூலிலே எழுதிவைத்தார். அவர் கற்றது பாறைகளின் சாத்திரம். பாறையைத் தேடிப் போனவர் கொல்லன் வாசலிலே நின்றுவிட்டார்.

இச்சபையிலே, வன்னியிலும் கிழக்கிலும் உத்தியோகம் பார்த்த பெரியோர் பலர் இருக்கிறீர்கள். இடியன் துவக்கைத் திருத்திக்கொடுத்த கொல்லரை உங்களிற் சிலர் கண்ணாலே கண்டிருப்பீர்கள். 1916ஆம் ஆண்டின் துவக்குச் சட்டத்தை மீறும்படி நான் எவரையும் கேட்கவில்லை. ஞாபகத்துக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. அந்தக் கொல்லர் உலைக்கு எந்த மரத்தின் கரியை விரும்பினார்? முறிந்த வில்லுக்குப் புது உருக்கை எதிலிருந்து எடுத்தார்? சிவந்த வில்லை அமிழ்த்தியது தேங்காயெண்ணெயிலா, இலுப்பெண்ணெயிலா? எழுதுகோலும் கொப்பியும் கொண்டு வந்திருக்கிறேன். தலைவர் அவர்கள் அனுமதித்தால், மிஞ்சியிருக்கும் நேரத்தைப் பெரியோரிடம் விட்டுவிட்டு நான் உட்கார்ந்து எழுதுகிறேன்.